பேவ்மென்ட்டின் ஐந்து ஆல்பங்கள்: கடைசியிலிருந்து முதலிடம் வரை

கேள்வி: "பேவ்மென்ட் என்ற அமெரிக்க இண்டி ராக் குழுவின் 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' பாட்டை மட்டும் கேட்டிருக்கிறேன். மிகவும் பிடித்துவிட்டது. அது எந்த ஆல்பத்தில் இருக்கிறது? அவர்களுடைய ஆல்பங்களை மோசமானதிலிருந்து சிறந்தது வரை வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா?"

முதல் பாதிக்கு விடை சிறியது: எந்த ஆல்பத்திலும் இல்லை. நான்காவது ஆல்பமான 'பிரைட்டன் த கார்னர்ஸ்' பதிவானபோது கூடவே பதிவான பாட்டு அது. ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். 1999-இல் 'ஸ்பிட் ஆன் எ ஸ்ட்ரேஞ்சர்' என்ற சிறு இசைத்தட்டில் உபரிப் பாட்டாக வந்தது. அதே ஆண்டு குழுவும் கலைந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, பாட்டுக் கேட்கும் செயலிகள் யாரும் கேட்காமலே அதை ஊரெல்லாம் ஒலிக்கவிட்டன. இன்று ஸ்பாடிஃபையில் அவர்களுடைய பாட்டுகளிலேயே அதிகம் கேட்கப்படுவது அதுதான். 2022-இல் அதற்குப் புதிதாக ஒரு காணொளியே எடுத்தார்கள். கையில் இருந்த நல்ல பாட்டைத் தாங்களே பரணில் போட்டு மறந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை ஏன் இப்படி அமைகிறது என்பதற்கு அது உதவும்.

குழுவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 1989-இல் ஸ்டீபன் மால்க்மஸ், ஸ்காட் கான்பெர்க் என்ற இரண்டு பால்ய நண்பர்கள் தொடங்கியது. அதே ஊரில் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருந்த கேரி யங் என்பவரிடம் போய் 'ஸ்லே டிராக்ஸ்' என்ற முதல் தட்டைப் பதிவு செய்து, 1,000 பிரதிகள் போட்டார்கள். பதிவு செய்ய உட்கார்ந்த கேரி யங்கே டிரம்ஸ் வாசிக்கவும் தொடங்கிவிட்டார். பிறகு பேஸ் கிட்டாருக்கு மார்க் ஐபோல்டும், கூடுதல் தாளத்துக்கும் கத்தலுக்கும் பாப் நாஸ்டனோவிச்சும் வந்து சேர்ந்தார்கள். பத்தாண்டுகளில் ஐந்து ஆல்பங்கள், அவ்வளவுதான். 2010-இலும் 2022-இலும் மறுபடி கூடி மேடை ஏறினார்கள். ஆறாவது ஆல்பம் வரவில்லை. சிறு தட்டுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் 1992-இல் வந்த 'வாட்டரி, டொமெஸ்டிக்', நாலே பாட்டுகளை வைத்துக்கொண்டு, கீழே உள்ள வரிசையைக் கலைத்துப் போட்டிருக்கும்.

எதை வைத்து அளக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேவ்மென்ட்டின் பாட்டு மதில்மேல் பூனை. கிட்டார்கள் சுருதியிலிருந்து ஒரு நூல் விலகி நிற்கும். டிரம்ஸ் அடி விழ வேண்டிய இடத்துக்கு அரைக்கணம் தாமதமாக வரும். மால்க்மஸின் குரல் உச்ச ஸ்தாயிக்குப் போவதற்குச் சோம்பல்பட்டு வழியிலேயே உட்கார்ந்துவிடும். இதோ விழப்போகிறது என்று நினைக்கும்போது பல்லவி வந்து நிற்கும், அதுவும் நாள் முழுதும் வாயைவிட்டுப் போகாத பல்லவி. முதல்முறை கேட்பவர்கள் பலர் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மால்க்மஸ் தன் கிட்டாரை வழக்கமான முறையில் சுருதி சேர்ப்பதே அரிது, பாட்டுக்குப் பாட்டு தந்திகளின் சுருதியை மாற்றிவைப்பவர். அலட்சியக்காரன் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டான். ஆகவே பூனை மதில்மேல் எவ்வளவு துணிச்சலாக நடக்கிறது என்பதே என் அளவுகோல்.

ஐந்தாம் இடம் 'டெரர் ட்வைலைட்' (1999). மோசமானது என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தக் கூச்சமாக இருக்கிறது. வேறு குழு ஒன்று செய்திருந்தால் அதன் சிறந்த ஆல்பம் இதுவாக இருந்திருக்கும். 'ஸ்பிட் ஆன் எ ஸ்ட்ரேஞ்சர்' அவர்களுடைய மெட்டுகளிலேயே இனிமையானவற்றுள் ஒன்று. நிக்கல் க்ரீக் குழு 2002-இல் அதை மாண்டலின், வயலின் வைத்துப் பாடியபோது பாட்டின் எலும்புக்கூடு எவ்வளவு உறுதியானது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 'கேரட் ரோப்' பிரிட்டனில் முதல் 40 பாட்டுகளுக்குள் நுழைந்தது.

குறை பாட்டுகளில் இல்லை, பதிவில் இருக்கிறது. தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச். ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) ஆல்பத்தை உருவாக்கிய கையோடு வந்தவர். ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் இரண்டு பாட்டுகளில் ஹார்மோனிகாகூட வாசித்திருக்கிறார். காட்ரிச் தன் வேலையை மிக நன்றாகச் செய்தார், அதுதான் சிக்கல். எதிரொலி எங்கே தொடங்கி எங்கே அடங்க வேண்டும் என்பது வரை எல்லாம் துடைத்து அடுக்கிவைத்த பாத்திரங்களைப் போல இருக்கின்றன. பூனையை மதிலிலிருந்து இறக்கி மெத்தையில் படுக்கவைத்துவிட்டார்.

குழுவும் அதற்குள் ஓய்ந்துபோயிருந்தது. ஆளுக்கோர் ஊரில் இருந்தார்கள். முந்தைய நான்கு ஆல்பங்களிலும் கான்பெர்க் எழுதிய பாட்டு ஒன்றாவது இருக்கும், இதில் ஒன்றுகூட இல்லை. சில பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவரும், கேரி யங்குக்குப் பிறகு குழுவில் டிரம்ஸ் வாசித்துவந்த ஸ்டீவ் வெஸ்ட் அல்ல, வெளியிலிருந்து அழைத்துவந்த டொமினிக் மர்காட். மால்க்மஸின் தனி ஆல்பத்துக்கான ஒத்திகை என்று சிலர் இதைச் சொல்வது கடுமையானது, ஆனால் பொய்யில்லை.

2022-இல் வந்த மறுவெளியீட்டில் ஒரு சுவையான செய்தி வெளிப்பட்டது. காட்ரிச் முதலில் வேறொரு வரிசையை முன்வைத்திருந்தார். 'பிளாட்ஃபார்ம் ப்ளூஸ்' என்ற முரட்டுப் பாட்டில் தொடங்கி 'ஸ்பிட் ஆன் எ ஸ்ட்ரேஞ்சர்' பாட்டில் முடியும் வரிசை அது. குழு அதை ஏற்காமல் இனிமையான பாட்டைத் தலையில் வைத்தது. இரண்டு வரிசைகளையும் கேட்டுப் பார்த்தேன். காட்ரிச்சின் வரிசையே மேல். மென்மைக்குக் காரணம் என்று இத்தனை நாள் நாங்கள் திட்டிய மனிதர்தான் அந்த ஆல்பம் முள்ளோடு தொடங்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்! அந்த வரிசையில் வந்திருந்தாலும் ஐந்தாம் இடம்தான், ஆனால் நான்காவதோடு உரசிக்கொண்டு நின்றிருக்கும்.

சூரியன் மறைந்து இருள் கவிவதற்கு இடைப்பட்ட சிறுபொழுதைக் குறித்து நாஸ்டனோவிச் வைத்த பெயர் 'டெரர் ட்வைலைட்'. பொருத்தமாகத்தான் போய்விட்டது. 1999 நவம்பர் 20 அன்று லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி மேடையில் மால்க்மஸ் தன் மைக்கில் ஒரு கைவிலங்கைத் தொங்கவிட்டு, ஒரு குழுவில் இருப்பது இப்படித்தான் இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். அதன்பின் பத்தாண்டுகள் அவர்கள் சேர்ந்து வாசிக்கவில்லை.

நான்காம் இடம் 'பிரைட்டன் த கார்னர்ஸ்' (1997). உங்களுக்குப் பிடித்த பாட்டின் பிறந்த வீடு. ஆர்.இ.எம். குழுவின் தொடக்ககால ஆல்பங்களுக்குத் தயாரிப்பாளராக இருந்த மிட்ச் ஈஸ்டருடன் வட கரோலினாவில் பதிவு செய்தார்கள். ஆர்.இ.எம். மேல் மால்க்மஸுக்கு இருந்த பக்தி ஊரறிந்தது, 1993-இலேயே அந்தக் குழுவைப் பற்றி ஒரு முழுப் பாட்டு எழுதியவர். ஆகவே இது ஒரு வகையில் குருவின் வீட்டுக்குப் போய்த் தங்கியது மாதிரி. எல்லோரும் அடக்கமாக நடந்துகொள்கிறார்கள்.

தொடக்கம் அபாரம். 'ஸ்டீரியோ', 'ஷேடி லேன்' இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ரஷ் குழுவின் கெடி லீக்கு அவ்வளவு உயரமான குரல் எப்படி வந்தது, பேசும்போதும் அப்படித்தானா என்று பாட்டின் நடுவில் கேட்டுவிட்டுப் போகும் துடுக்குத்தனம் வேறு யாருக்கு வரும்? கடைசிப் பாட்டான 'ஃபின்' நீண்ட கிட்டார் வாசிப்போடு முடிகிறது, மால்க்மஸ் தன் திறமையை மறைக்காமல் காட்டிய அரிதான இடங்களில் ஒன்று. கான்பெர்க்கின் இரண்டு பாட்டுகளில் ஒன்று துள்ளல், இன்னொன்று சுமார்.

நடுப்பகுதிதான் தொய்வு. நடுத்தர வேகத்தில், நடுத்தர உயரத்தில், ஒரே மாதிரி நல்ல பாட்டுகள் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' இருந்திருக்க வேண்டும். சொற்களை மூச்சுவிடாமல் அடுக்கி ஓடும் அந்தப் பாட்டு ஆறாவதாக வந்திருந்தால் ஆல்பம் ஓரிடம் மேலே ஏறியிருக்கும். 2008 மறுவெளியீட்டில் அதைச் சேர்த்தார்கள், பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதை. ஆல்பம் வந்த அதே 1997-இல் பிரிட்டனின் ப்ளர் குழு பேவ்மென்ட் போன்ற அமெரிக்கக் குழுக்களைக் கேட்டுக் கேட்டுத் தன் பாணியையே மாற்றிக்கொண்டு ஓர் ஆல்பம் போட்டது. சீடர்கள் முரடாகும்போது ஆசான்கள் சாந்தமாகிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் இடத்தில் 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்' (1992) என்று எழுதினால் சண்டை வரும் என்று தெரியும். பாதிப் பேருக்கு இதுதான் முதலிடம். 1990-களின் இண்டி ராக் இங்கேதான் தொடங்குகிறது என்பவர்களும் உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரி யங்கின் வீட்டு ஸ்டுடியோவில் மூன்றே பேர், மால்க்மஸ், கான்பெர்க், யங். பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடையாது, ஐபோல்ட் இன்னும் வரவில்லை. அடித்தளம் இல்லாத வீடு மாதிரி கிட்டார் இரைச்சல் அந்தரத்தில் மிதக்கிறது. 'சம்மர் பேப்' பாட்டின் முதல் பத்து நொடிகளைக் கேளுங்கள், வெயிலில் காயப்போட்ட இரும்புத் தகடு அதிர்வது போன்ற ஓர் ஒலி, அதன்மேல் ஏதோ ஒரு பழைய காதல் பாட்டின் சாயல். பதிவாகி ஓராண்டுக்கு மேல் வெளியாகவில்லை. கேசட் பிரதிகள் கைமாறிக் கைமாறிப் போய், கடைக்கு வருவதற்கு முன்பே பத்திரிகைகள் எழுதத் தொடங்கிவிட்டன. 1992 ஏப்ரலில் மாடடார் நிறுவனம் வெளியிட்டபோது அது ஏற்கெனவே பாதிப் புராணமாகிவிட்டிருந்தது.

கேரி யங்கைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கும் இடம் இல்லை. மால்க்மஸைவிட 13 வயது மூத்தவர், 1953-இல் பிறந்தவர். மற்றவர்கள் கல்லூரி முடித்த இளைஞர்கள், இவர் பழைய ஹிப்பி. கச்சேரிக்கு வருபவர்களை வாசலில் நின்று கைகுலுக்கி வரவேற்பார், முட்டைக்கோஸை எடுத்து நீட்டுவார், பாட்டுக்கு நடுவில் எழுந்து தலைகீழாக நிற்பார். குடியும் இருந்தது. ஆனால் அந்த மனிதருடைய டிரம்ஸ் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. இரைச்சலுக்கு நடுவே அடிகளை அவ்வளவு தளர்வாக, அவ்வளவு துல்லியமாக வைக்க அவருக்குப் பின் குழுவில் ஆளில்லை. 2023 ஆகஸ்டில் காலமானார்.

பிறகு ஏன் மூன்றாம் இடம்? ஒன்று, கடன். இங்கிலாந்தின் த ஃபால் குழுவின் நிழல் சில இடங்களில் நீளமாகவே விழுகிறது. 'கண்டூயிட் ஃபார் சேல்!' பாட்டை ஃபாலின் 'நியூ ஃபேஸ் இன் ஹெல்' பக்கத்தில் வைத்துக் கேட்டால் உங்களுக்கே தெரியும். ஃபாலின் தலைவர் மார்க் இ. ஸ்மித் இவர்களைக் காப்பியடிப்பவர்கள் என்று ஏளனம் செய்யத் தயங்கியதில்லை. இரண்டாவது, எனக்கு முக்கியமான காரணம்: இங்கே பூனைக்கு மதிலின் உயரமே தெரியாது. இளங்கன்று பயமறியாது என்பார்களே, அந்த அழகுதான் இந்த ஆல்பத்தின் அழகு. ஒரே ஓர் இடத்தில், 'ஹியர்' என்ற மெதுவான பாட்டில், இரைச்சல் விலகி, வெற்றி வராமலே போய்விடுமோ என்று சலித்துக்கொள்ளும் ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. அதை அவர்கள் முழுதாகப் பயன்படுத்த இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் இடம்: 'க்ரூக்கட் ரெய்ன், க்ரூக்கட் ரெய்ன்' (1994). கேரி யங் 1993-இல் விலகினார். ஸ்டீவ் வெஸ்ட் டிரம்ஸுக்கு வந்தார், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் மால்க்மஸோடு காவலாளியாக வேலை பார்த்தவர். ஆல்பமும் நியூயார்க்கில்தான் பதிவானது, ஆனால் கேட்டால் கலிஃபோர்னியா நெடுஞ்சாலையின் வெயில்தான் அடிக்கிறது. ஊரைவிட்டு வந்தவனுக்குத்தான் ஊர் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. 'அன்ஃபேர்' என்ற பாட்டு கலிஃபோர்னியாவின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான பூசலை வைத்தே எழுதப்பட்டது.

'கட் யுவர் ஹேர்' பாட்டில் இசைத் தொழிலையும், தலைமுடி ஒழுங்காக இருந்தால்தான் குழுவில் சேர்ப்பார்கள் என்ற அபத்தத்தையும் கிண்டல் செய்தார்கள். அந்தத் தொழிலோ அந்தப் பாட்டையே எடுத்து எம்டிவியில் ஓட்டியது. அமெரிக்க மாடர்ன் ராக் பட்டியலில் 10-ஆம் இடம் வரை போனது. ஜே லெனோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் கூப்பிட்டார்கள். அவர்கள் வாழ்நாளில் பெரிய வெற்றிக்கு அவ்வளவு அருகில் போனது அந்த ஒரு தடவைதான். 'கோல்ட் சவுண்ட்ஸ்' வேறு வகை: இரண்டரை நிமிடங்களுக்குச் சற்று மேலே, வீணான ஒரு நொடி இல்லை. பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இணைய இசை இதழ் 2010-இல் அதை 1990-களின் தலைசிறந்த பாட்டு என்று முதலிடத்தில் வைத்தபோது எனக்கு வியப்பு வரவில்லை.

'ரேஞ்ச் லைஃப்' பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அமைதியாக எங்கேயாவது ஒதுங்கி வாழ ஆசைப்படும் ஒருவனின் புலம்பலாகத் தொடங்கும் பாட்டு, கடைசியில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் இரண்டு குழுக்களையும் பெயர் சொல்லி இடித்துவிட்டுப் போகிறது. பம்ப்கின்ஸின் பில்லி கோர்கன் அதைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை வெறும் வம்பாக நான் கேட்பதில்லை. ஊர் ஊராகச் சுற்றிக் களைத்தவனின் பொறாமையும் அசூயையும் அதில் இருக்கின்றன, பாடுபவனையும் சேர்த்தே பாட்டு கேலி செய்கிறது.

குறை என்று தேடினால் கான்பெர்க்கின் 'ஹிட் த பிளேன் டவுன்' ஒன்றுதான், அங்கே மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மற்றபடி 12 பாட்டுகளில் ஓர் ஆல்பத்தை எப்படி அடுக்க வேண்டும் என்று யாருக்காவது கற்றுத்தர வேண்டுமானால் இதைக் கொடுப்பேன். பட்டி ஹாலியின் பழைய மெட்டொன்றின் சாயலோடு தடுமாறித் தொடங்கி, 'ஃபில்மோர் ஜைவ்' பாட்டில் ராக் இசைக்கே போய்வா என்று கையசைத்து, வாக்கியம் முடிவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. முதலிடத்தை இதற்குக் கொடுக்காததற்கு நியாயமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இதன் ஒவ்வொரு திருப்பமும் எனக்குப் பாடமாகிவிட்டது, அதனால் என்று வேண்டுமானால் சொல்லலாம். அடுத்ததில் இன்னும் வழி தவறுகிறேன்.

முதலிடம், 'வாவி ஸோவி' (1995).

வெற்றியின் வாசலில் நின்றவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? டென்னசியின் மெம்ஃபிஸ் நகருக்குப் போய் ஈஸ்லி ஸ்டுடியோவில் கையில் இருந்ததையெல்லாம் பதிவு செய்து, 18 பாட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி இறக்கினார்கள். இசைத்தட்டாக வந்தபோது இரண்டு தட்டுகள், அதில் மூன்று பக்கங்களில்தான் பாட்டு, நான்காவது பக்கம் காலி. பெயர் கேரி யங் அடிக்கடி சொல்லும் ஒரு வியப்புச்சொல். அட்டை ஓவியம் ஸ்டீவ் கீன் வரைந்தது, ஒரே நாளில் டஜன் கணக்கில் வரைந்து மலிவாக விற்பதையே தன் கலையாக வைத்திருந்தவர். வீட்டைத் திறந்து, உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்ற அட்டை.

வந்த புதிதில் விமர்சகர்கள் பலருக்கு எரிச்சல். வெற்றியைக் கண்டு பயந்துபோய் வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டார்கள் என்றுகூட எழுதினார்கள். 'ரேட்டில்ட் பை த ரஷ்', 'ஃபாதர் டு எ சிஸ்டர் ஆஃப் தாட்' இரண்டும் தனிப்பாட்டுகளாக வெளிவந்து ஓடவில்லை. அந்நாட்களில் நிறையக் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்ததாகவும், தன் காதுக்கு அவை ஹிட் பாட்டுகளாகவே கேட்டதாகவும் மால்க்மஸ் பின்னாளில் சொன்னார். எம்டிவியின் 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' கார்ட்டூனில் அந்த இரண்டு தடிப்பையன்களும் 'ரேட்டில்ட்' பாட்டின் காணொளியைப் பார்த்துவிட்டு, ஒழுங்காக முயற்சி செய்யுங்கள் என்று கத்துவார்கள். இந்தக் குழுவைப் பற்றி எழுதப்பட்ட பல நீண்ட விமர்சனங்களைவிட அது கூர்மையானது, தவறாக இருந்தாலும். அந்த ஆண்டுக் கோடையில் லாலபலூசா இசை விழாவோடு ஊர் ஊராகப் போனபோது மேற்கு வர்ஜீனியாவில் கூட்டம் சேற்றையும் கல்லையும் எறிந்து இவர்களை மேடையைவிட்டே விரட்டியது.

இந்த ஆல்பத்தை எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. 18 பாட்டு அதிகம், 12 போதும் என்று தோன்றியது. ஆகவே ஒரு நாள் உட்கார்ந்து எனக்குப் பிடித்த 12-ஐ மட்டும் பொறுக்கி ஒரு பட்டியல் தயாரித்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஓடாத 'செர்பென்டைன் பேட்' போயிற்று, கிறுக்குத்தனமான 'பிரிங்ஸ் ஜாப்' போயிற்று, 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ஆர்ம்' போயிற்று. இரண்டு வாரம் அந்தப் பட்டியலைக் கேட்டேன். கச்சிதமாக இருந்தது, உயிர் இல்லை. 'கிரவுண்டட்' அவர்கள் செய்ததிலேயே கம்பீரமான பாட்டு. கோயில் மணியை மெதுவாக அடிப்பது போலக் கிட்டார் தொடங்கி, மருத்துவர் ஒருவரின் வசதியான வாழ்க்கையைச் சுற்றி வந்து, பெருமழையாகக் கொட்டி ஓயும். ஆனால் அது அந்த உயரத்தில் நிற்பதற்கு முன்னால் 'பிரிங்ஸ் ஜாப்' கோமாளித்தனம் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பின்னாலேயே 'செர்பென்டைன் பேட்' வந்து நாற்காலியை உதைத்துத் தள்ள வேண்டும். குப்பை என்று நான் எடுத்து எறிந்தவைதான் மற்றவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன.

வரிசையைக் கவனியுங்கள். எந்த நிறுவனமும் முதல் பாட்டாக வைக்கச் சம்மதிக்காத 'வீ டான்ஸ்' முதலில் வருகிறது, மெதுவான, நொந்துபோன ஒரு பாட்டு. நடுவில் டக் ஈஸ்லியின் பெடல் ஸ்டீல் கிட்டாரோடு ஒரு நாட்டுப்புற ஏக்கப் பாட்டு. 'ஃபைட் திஸ் ஜெனரேஷன்' தாலாட்டு மாதிரி தொடங்கி, பாதியில் மனம் மாறி, ஒரே முழக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேறொரு பாட்டாகிவிடுகிறது. உடனே 'கென்னல் டிஸ்ட்ரிக்ட்', கான்பெர்க் எழுதியவற்றில் தலைசிறந்தது இதுதான், மால்க்மஸின் எந்தப் பாட்டோடும் தோளோடு தோள் நிற்கும். 'ஹாஃப் எ கேன்யன்' ஆறு நிமிட ஓட்டம், முடிவில் மால்க்மஸ் தொண்டை கிழியக் கத்துகிறார். சோம்பேறிக் குரல் என்று பெயர் வாங்கியவர் அவர்! 'ஸ்லான்டட்' ஆல்பத்தில் விழும் பயம் அறியாதவர்களாக இருந்தவர்கள், 'க்ரூக்கட் ரெய்ன்' ஆல்பத்தில் விழாமல் நடக்கக் கற்றவர்கள், இங்கே உயரம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். சில அடிகள் பிசகுகின்றன. 'வெஸ்டர்ன் ஹோம்ஸ்' இல்லாமலேகூட முடித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் இன்னொரு பட்டியல் தயாரிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இந்த வரிசையிலேயே நீங்கள் கேட்கத் தொடங்க வேண்டாம். 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' பிடித்திருக்கிறது என்றால் 'பிரைட்டன் த கார்னர்ஸ்' உங்களுக்கு உடனே பழகிவிடும், அங்கிருந்து 'க்ரூக்கட் ரெய்ன்' ஆல்பத்துக்குப் போங்கள். 'ஸ்லான்டட்' ஆல்பத்தின் இரைச்சல் முதலில் காதைக் குத்தினால் 'வாட்டரி, டொமெஸ்டிக்' தட்டின் நான்கு பாட்டுகளை இடையில் கேட்டுவிட்டு வாருங்கள், அவை அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பாலம். 'டெரர் ட்வைலைட்' எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், முடிந்தால் காட்ரிச்சின் வரிசையில். 'வாவி ஸோவி' மட்டும் அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். முதல் தடவை பிடிக்காவிட்டால் ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு 'கிரவுண்டட்' பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கிப் பாருங்கள், பாதி வழியில் நுழைந்தாலும் அந்த ஆல்பத்துக்குக் கோபம் வராது.